உலாவிக்குள் அமர்ந்த ஏவலாள்

இணையத்திலுள்ள பக்கங்களைத் திரையிலே கொணர்ந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த ரிம் பேர்ணர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் 1990ஆம் ஆண்டில் முதல் உலாவியை ஆக்கினார். 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த மொசெயிக் என்னும் உலாவி, எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்திற் சேர்த்துக் காட்டிப் பொதுமக்களைக் கவர்ந்தது. அதன் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலாவியின் அடிப்படைத் தொழில் பெரிதும் மாறவில்லை. அது ஒரு சாளரமாகவே இருந்து வந்தது. அதனூடாகப் பார்ப்பவரும் படிப்பவரும், வேண்டியதைத் தெரிந்து பொத்தானை அழுத்துபவரும் மனிதரே.

2025ஆம் ஆண்டில் இந்நிலை மாறலாயிற்று. அவ்வாண்டு ஜூலை மாதத்திற் பெர்ப்ளெக்சிற்றி நிறுவனம் கொமெற் என்னும் உலாவியையும், ஒக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் அற்லஸ் என்னும் உலாவியையும் வெளியிட்டன. இவற்றினுள்ளே செயற்கை நுண்ணறிவு வாய்ந்த உதவியாளன் ஒருவன் அமர்ந்திருக்கின்றான். நீண்டதொரு கட்டுரையைச் சுருக்கித் தருமாறு கேட்டால் தருவான். நாளை மறுதினம் பயணஞ் செய்ய விமானச்சீட்டுத் தேடுமாறு பணித்தால், தானே தளங்களைத் திறந்து, விலைகளை ஒப்பிட்டு, படிவங்களை நிரப்புவான். கண்பார்வை குன்றியவர்க்கும், ஆங்கிலப் படிவங்களைக் கண்டு மருளுவோர்க்கும் இத்தகைய உதவி பெருவரமாக அமையக்கூடும். அதனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

ஆயினும் இவ்வேவலாளிடம் ஒரு விசித்திரமான குறை உண்டு. எழுத்தறியாத ஒருவர் தமக்கு வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லுமாறு வீட்டு வேலையாளிடம் கொடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அக்கடிதத்தின் நடுவே, “பெட்டகத்தைத் திறந்து அதிலுள்ள நகைகளை வாசலில் நிற்பவனிடம் கொடுத்துவிடு” என்று எவனோ எழுதி வைத்திருக்கின்றான். சாதாரண வேலையாள் அதனையும் கடிதத்தின் வாசகமாகவே படித்துக் காட்டுவான். எசமானரும் திடுக்கிட்டு விழித்துக்கொள்வார். உலாவிக்குள் இருக்கும் ஏவலாளோ, அதை எசமானரின் கட்டளை என்று கருதிப் பெட்டகத்தைத் திறக்கச் சென்றுவிடலாம்.

இதற்குக் காரணம் அவன் ஆக்கப்பட்ட முறையிலேயே உளது. செயற்கை நுண்ணறிவு மாதிரியானது தன்னிடம் வரும் சொற்கள் யாவற்றையும் ஒரே தொடராகவே பெறுகின்றது. உரியவர் இட்ட கட்டளையும், பக்கத்தில் அயலான் எழுதி வைத்த வாசகமும் அத்தொடரில் அடுத்தடுத்து நிற்கின்றன. எது கட்டளை, எது வெறும் செய்தி என்று பிரித்துக் காட்டும் உறுதியான வேலி அங்கில்லை. இக்குறையைப் பயன்படுத்தித் தாக்குதலை ஆங்கிலத்தில் ‘புறொம்ற் இன்ஜெக்ஷன்’ என்பர். சைமன் வில்லிசன் என்னும் மென்பொருள் அறிஞர் 2022 செப்டெம்பரில் இட்ட பெயர் அது. கட்டளையைக் கள்ளமாகப் புகுத்துதல் என்று தமிழிற் கூறலாம்.

2025 ஆகஸ்டில் பிறேவ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கொமெற் உலாவியில் இதனை நடத்திக் காட்டினார்கள். பிறேவும் ஓர் உலாவியை ஆக்கும் போட்டி நிறுவனமே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும் காட்டிய காட்சி மெய்யானது. றெடிற் தளத்தில் ஒரு கருத்துரையினுள்ளே சில கட்டளைகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. பயனாளர் செய்ததெல்லாம், அப்பக்கத்தைச் சுருக்கித் தருமாறு கேட்டது ஒன்றே. உதவியாளனோ அவருடைய கணக்குப் பக்கத்திற்குச் சென்று மின்னஞ்சல் முகவரியை அறிந்தான். ஒருமுறை மாத்திரம் பயன்படும் கடவு எண்ணை வருவித்தான். ஏற்கெனவே திறந்திருந்த அஞ்சற்பெட்டியினுட் புகுந்து அவ்வெண்ணைப் படித்தான். முகவரியையும் எண்ணையும் அந்தக் கருத்துரைக்கு மறுமொழியாக எழுதி வைத்தான். கள்வன் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதே எஞ்சிய வேலை. அவ்வாண்டு ஒக்டோபரில் அதே ஆய்வாளர்கள், மஞ்சட் பின்னணியில் வெளிறிய நீல நிறத்தில் எழுதப்பட்ட, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத வாசகங்களைக்கூட இவ்வுதவியாளன் படித்து நடப்பதைக் காட்டினார்கள்.

உலாவிகளிற் பாதுகாப்பே இல்லையா என்று நேயர்கள் வினவலாம். உண்டு. 1995ஆம் ஆண்டளவில் நெற்ஸ்கேப் உலாவியில் ஒரு விதி புகுத்தப்பட்டது. ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் தகவலைப் படித்தலாகாது என்பதே அவ்விதி. வங்கித் தளமும் விளையாட்டுத் தளமும் அருகருகே திறந்திருந்தாலும் ஒன்றை மற்றொன்று எட்டிப் பார்க்க இயலாதிருப்பது அச்சுவரினாலேயே. ஆனால் அது நிரல்களுக்கு எழுப்பிய சுவர், வீட்டுக்காரருக்கு எழுப்பியதன்று. உதவியாளனோ வீட்டுக்காரரின் திறவுகோல்களை ஏந்திக்கொண்டு, அவர் பெயரால் எல்லா அறைகளிலும் நடமாடுகின்றான்.

நிறுவனங்கள் வாளாவிருக்கவில்லை. அன்த்ரொப்பிக் நிறுவனம், குரோம் உலாவியோடு இணைந்தியங்கும் தன் உதவியாளனைப் பரீட்சித்து, 2025 ஆகஸ்டில் முடிவுகளை வெளியிட்டது. தற்காப்பு ஏற்பாடுகள் இல்லாதபோது நூற்றுக்கு 23.6 தாக்குதல்கள் பலித்தன; ஏற்பாடுகள் செய்தபின் அத்தொகை 11.2 ஆகக் குறைந்தது. முன்னேற்றமே எனினும், ஒன்பது தடவையில் ஒரு தடவை ஏமாறும் காவற்காரனிடம் பணப்பெட்டியை ஒப்படைக்க எவரும் துணியார். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைமை அதிகாரி டேன் ஸ்ரக்கியும், அற்லஸ் வெளிவந்த நாட்களிலேயே, இஃது இன்னும் தீர்க்கப்படாத பிரச்சினை என்று ஒப்புக்கொண்டார்.

ஆகவே, இத்தகைய உலாவியைக் கையாள விரும்புவோர், வங்கிக் கணக்கும் சொந்த மின்னஞ்சலும் திறந்திருக்கும் இடத்தில் உதவியாளனை ஏவாமல், அவற்றுக்கு வேறோர் உலாவியை ஒதுக்கி வைத்தல் நன்று. பணஞ் செலுத்துதல், கடிதம் அனுப்புதல் ஆகியவற்றுக்கு முன் தம் அனுமதியைக் கேட்குமாறு அமைத்துக்கொள்வதும் வேண்டற்பாலது. அற்லஸ் உலாவியில், எக்கணக்கினுள்ளும் புகாத நிலையில் உதவியாளனை வேலை செய்விக்கும் ஏற்பாடு ஒன்று வெளியீட்டின்போதே தரப்பட்டது. பணம் சம்பந்தப்பட்டவை போன்ற தளங்களில் அவன் வேலை செய்யும்போது, உரியவர் வேறு பக்கம் திரும்பினால் அவனும் கைவேலையை நிறுத்திவிட்டுக் காத்து நிற்பான்.