பழுதை ஒதுக்கி வாழும் நினைவகம்



தாம் விற்கும் புதுப்பொருளில் பழுது இருக்கக்கூடும் என்று, அதைச் செய்தவரே எழுதிக் கொடுப்பது அரிது. நாண்ட் ஃபிளாஷ் என்னும் நினைவகச் சில்லு அத்தகைய அரும்பொருள். வீட்டு இணைய ரவுட்டர் போன்ற, கணினி பொதிந்த கருவிகளில் மின்சாரம் நின்றபின்னும் செய்தியைக் காத்து நிற்பது அதுவே.

ஒரு கிகாபிட் சில்லு ஒன்றைக் கருதுவோம். அதில் 1,024 பிளாக்குகள் உண்டு. அவற்றைத் தொகுதிகள் என்றே நான் சொல்கிறேன். தொகுதி ஒன்றுக்கு 64 பக்கங்கள். எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ தொகுதி முழுவதையும் ஒருசேர. 1,004 தொகுதிகளாவது நல்லவையாக இருக்கும் என்பதே ஆலையார் தரும் உறுதி. எஞ்சிய இருபதுக்கு உறுதியில்லை. அத்தனையும் செம்மையாக இருத்தல் வேண்டுமெனில் விலை ஏறிவிடும்.

பழுதான தொகுதியில், பக்கத்தின் ஓரமாக ஒதுக்கிய இடத்தில், ஆலையார் ஒரு குறியிட்டு அனுப்புகின்றனர். இடர் இங்கேதான் இருக்கிறது. அக்குறியும் அழியக்கூடியது! புதுச் சில்லுதானே என்று ஒருவர் முழுவதையும் அழித்துத் தொடங்கினால், குறி போய்விடும். ஆலையார் பலவகை வெப்பநிலையிலும் மின்னழுத்தத்திலும் சோதித்துக் கண்ட பழுதை, நம் மேசைமேல் சோதித்து மீண்டும் கண்டுபிடிக்க இயலாது. இன்று நலமாகத் தோன்றும் அத்தொகுதி, பின்னொரு நாள் கருவியை எழும்பவொட்டாமல் செய்யலாம். ஆகவே முதற்பணி படித்துப் பட்டியலிடுதல், அதன்பின்னரே அழித்தல். எழுதும்போது மின்சாரம் நின்றுவிடக்கூடுமாதலால், பட்டியலுக்கு இரண்டு படிகள் வைப்பர்.

பயன்பாட்டிலும் தொகுதிகள் தேயும். எழுதுதலோ அழித்தலோ தவறினால், அத்தொகுதியைப் பட்டியலில் சேர்த்து, அதிலுள்ள நல்ல பக்கங்களை மாற்றுத் தொகுதிக்குப் பெயர்ப்பர். படிக்கையில் ஒரு பிட் புரண்டிருப்பின் அதைப் பழுதெனக் கொள்ளலாகாது. பிழைதிருத்தக் குறியீடு அதைச் சரிசெய்துவிடும். ஓர் எழுத்துப்பிழைக்காக மாணவனைப் பள்ளியினின்று நீக்குவாருண்டோ?

இந்த ஒதுக்கல் முறைக்கும் எல்லை உண்டு. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஆப்பர்சூனிட்டி ஊர்தியின் ஃபிளாஷ் நினைவகம் ஏழு பெரும் பகுதிகளைக் கொண்டது. 2014-இல் அது செய்திகளை மறக்கத் தொடங்கியது. ஏழாம் பகுதியே காரணமென ஐயுற்ற நாசாப் பொறியாளர்கள், 2015-இல் மென்பொருளை மாற்றி அப்பகுதியை ஒதுக்கினர். மறதியோ முற்றும் நீங்கவில்லை. பின்னர் தகவல்களை, மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் வைத்து, ஊர்தி உறங்குமுன் பூமிக்கு அனுப்பச் செய்தனர். அவ்வாறே அது 2018 ஜூன் வரை உழைத்தது.