மீளாப் பணம்

கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டிலே திறக்கப்படுமுன், திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் செல்வோர் பலர் துறைமுகத்தருகே இயந்திரப் படகுக்காகக் காத்து நிற்பர். கொட்டியாரக் குடா கொந்தளித்த நாளிற் படகு புறப்படாது. இன்று பயணம் இல்லையென்று படகோட்டி கைவிரித்துவிட்டால், மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவதன்றி வேறு வழியில்லை. கடலோடு வழக்காடுவார் யார்?

இன்று கடல் நம்மைத் தடுப்பது குறைவு. நாம் குறித்த நாளே நம்மைத் தடுக்கின்றது. இரண்டு திங்களுக்கு முன்னரே ஊரும் நாளும் அறையும் குறித்துப் பணத்தையும் கட்டிவிடுகின்றோம். பின்னர் அதே நாளில் வேறொரு கடமை வந்து வாயிலில் நிற்கின்றது. கட்டிய பணமோ மீளாது என்பது முன்னரே எழுதி நாம் உடன்பட்ட நிபந்தனை. இவ்விடர் இக்காலத்திற் பல வீடுகளிலும் நேர்வதே. எம் வீட்டில் நேர்ந்ததைச் சொல்லி, அதனால் யான் கற்றதையும் சொல்லுதல் பிறர்க்குப் பயன்படக்கூடும்.

கனடாவில் வாழும் என் தம்பி, இருபது ஆண்டுகளின் பின் மனைவி மக்களோடு ஊருக்கு வரவிருந்தான். வெசாக் பூரணையை ஒட்டிய நீண்ட விடுமுறையில் இரு குடும்பத்தாரும் நுவரெலியாவில் இரண்டு இரவு தங்குவதென முடிவாயிற்று. இணையவழி முகவர் ஒருவர் வாயிலாகத் தம்பியே மூன்று அறைகளைப் பதிந்தான். விலை இருவகையாக இருந்ததாம். வேண்டும்போது விலக்கிக்கொள்ளத்தக்க பதிவுக்குக் கூடிய விலை. எக்காரணத்தாலும் பணம் மீளாத பதிவுக்குக் குறைந்த விலை. நாள் முடிவாகிவிட்டதே, இனி என்ன மாறப்போகின்றது என்று குறைந்த விலையையே அவன் தெரிந்தான். யானும் உடன்பட்டேன்.

மூன்று கிழமை செல்லவில்லை. மூதூரில் வாழ்ந்த என் ஆசிரியர் இறைவனடி சேர்ந்தார். எனக்கும் தம்பிக்கும் நன்னூலைப் பாடஞ் சொன்னவர் அவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. நாளை எண்ணிப் பார்த்தபோது, நாங்கள் நுவரெலியாவில் இருக்கவேண்டிய சனிக்கிழமையே அந்நாளாய் அமைந்தது. ஆசிரியரின் மகன் என் கைகளைப் பற்றிக்கொண்டு, "அப்பாவின்ர கல்வெட்டை நீங்கள்தான் பாடித் தரவேணும், ஐயா. நீங்களே வந்து வாசிக்கவும் வேணும்" என்றார். அவ்விடத்திலேயே இசைந்துவிட்டேன்.

வீட்டிலோ வாய் திறந்தேனில்லை. ஏதேனும் ஒன்று தானே விலகும், விடுதிக்காரரே நாளை மாற்றுவர் என்றெல்லாம் வீணே எண்ணிப் பத்து நாளைக் கழித்தேன். மாணாக்கர்க்குக் காலமறிதல் அதிகாரத்தை ஆண்டுதோறும் பாடஞ் சொல்பவன் செய்த பிழை இது. ஈற்றில் சொன்னபோது என் மனைவி அயர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இஞ்சேருங்கோ, லட்சத்துக்கு மேலே கட்டியாச்சு. கல்வெட்டை எழுதிக் குடுத்திட்டு வாங்கோ, வேறை ஆரும் வாசிக்கட்டும்" என்றார். அது பேராசையால் வந்த சொல்லன்று. இருபது ஆண்டு பிரிந்த குடும்பம் ஒரு மேசையில் இருந்து உண்ணும் நாளை அவரும் எண்ணி எண்ணிக் காத்திருந்தவர்.

அன்றிரவு இப்பொருள் பற்றி நெடுநேரம் எண்ணினேன். விடுதிக்காரர் பணத்தைத் திருப்பித் தராமைக்குக் காரணம் யாது? நம் துறைமுகப் பட்டினத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. காலையில் விலைபோகாத மீனை மாலையிற் குறைந்த விலைக்கு விற்கலாம்; அதுவும் இயலாதெனில் உப்பிட்டுக் கருவாடாக்கலாம். விலைபோகாத ஓர் இரவை உப்பிட்டு உலர்த்தும் வகை ஒருவரும் அறியார். சனிக்கிழமை இரவு வெறுமையாய்க் கிடந்த அறையை ஞாயிற்றுக்கிழமை எவர்க்கும் விற்றல் இயலாது. இந்நட்டத்தை யார் தாங்குவது என்பதே வினா. கூடிய விலை கொடுத்தவனுக்காக விடுதிக்காரர் தாங்குகின்றார். குறைந்த விலைக்கு வாங்கியவன் தானே தாங்குவதாக ஒப்புக்கொள்கின்றான். ஆகவே மீளாப் பணம் என்பது வஞ்சகமன்று. அது ஒரு பேரம். அப்பேரத்தில் நாம் பெற்ற ஊதியத்தை மறந்து, இழப்பு நேர்ந்தபொழுது மட்டும் அறம் பேசுதல் முறையாகாது.

நாட்டுச் சட்டங்களும் இவ்வேறுபாட்டை அறிந்தே இயற்றப்பட்டுள்ளன. தொலைவிலிருந்து பொருள் வாங்குவோர் பதினான்கு நாளுக்குள் மனம் மாறலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டு ஆணையிலே விதித்தது. எனினும் குறித்த நாளுக்குரிய தங்கறைகளை அவ்விதியினின்றும் விலக்கி வைத்தது. அமெரிக்காவிலோ, பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்கிய விமானச் சீட்டை, வாங்கிய 24 மணி நேரத்துள் தண்டமின்றி விலக்கிக்கொள்ள விமான நிறுவனத்தார் இடமளித்தல் வேண்டும். அல்லது பணம் வாங்காமலே அவ்வளவு நேரம் அவ்விலைக்கு இடத்தை நிறுத்திவைத்தல் வேண்டும். இந்திய இரயில்வேயில் உறுதியான தட்கல் சீட்டை விலக்கினாற் பணம் மீளாது. ஆனால் உறுதி பெற்ற சாதாரணச் சீட்டைப் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள், கணவன், மனைவி ஆகியோருள் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பித்தல் வேண்டும். இயற்கையின் சீற்றம் வேறு வகை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுப் புகையிரதப் பாதையைச் சிதைத்ததுபோல, செல்லும் வழியே இல்லாதொழிந்தால் அது பயணியின் மனமாற்றம் ஆகாது. எமக்கு நேர்ந்ததோ அத்தகையதன்று. அறை ஆயத்தமாயிருந்தது, வழியும் திறந்திருந்தது. மாறியது எம் நாள் ஒன்றே.

நாள் மாறுதல் நம் முன்னோர்க்கும் நேர்ந்ததுண்டு. அரசன் படையெடுக்க நல்ல நாள் குறித்தபின், அந்நாளில் தான் புறப்பட இயலாதாயின், தன் குடையையோ வாளையோ அத்திசை நோக்கி முன்னே போக்குவான். தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் குடைநாட்கோள், வாள்நாட்கோள் என்பவை இவையே. பிற்காலத்துப் பொதுமக்களும் இதனைப் பரஸ்தானம் வைத்தல் என்று கைக்கொண்டனர். நல்ல வேளையிற் பயண மூட்டையை அயல் வீட்டிற் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தாம் வாய்த்த நாளிற் புறப்படுவர். குறித்த நாளையும் கைவிடாது, வந்த தடையையும் புறக்கணியாது நடுவே ஒரு வழி கண்டனர். இதை எண்ணியபோது எனக்கும் ஒரு தெளிவு பிறந்தது. பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டலினும், நாளை மாற்றித் தாருங்கள் என்று கேட்டலே தகும்.

இன்னொரு தெளிவும் உண்டாயிற்று. மனைவி சொன்ன அந்த லட்சம் எதைச் செய்தாலும் போனதுதான். நுவரெலியாவுக்குப் போனாலும் அது கைக்கு வாராது. மூதூருக்குப் போனாலும் வாராது. தராசின் இரு தட்டிலும் ஒரே நிறையை வைத்தால் அந்நிறை எதனையும் தீர்மானிப்பதில்லை. எனவே நிறுக்கவேண்டியவை இரண்டே: ஆசிரியருக்குச் செய்யும் இறுதிக் கடமை, தம்பியோடு கழிக்கும் விடுமுறை. பின்னையதை வேறொரு நாளிற் செய்யலாம். முன்னையதற்கு மறுநாள் இல்லை.

மறுநாட் காலை தம்பியோடு தொலைபேசியிற் பேசினேன். அவன் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "அண்ணை, இதை ஏன் பத்து நாள் வைச்சிருந்தனீங்கள்? நானும் அவரிட்டைப் படிச்சனான்தானே" என்றான். அக்கேள்வி எனக்குத் தைத்தது. பணத்துக்கு அஞ்சி யான் மறைத்தேன். அவன் மனத்தை அறிய முயன்றேனில்லை.

முகவரைக் கேட்டால் விடுதியைக் கேளுங்கள் என்றனர். விடுதியைக் கேட்டால் முகவரைக் கேளுங்கள் என்றனர். ஈற்றில் விடுதி முகாமையாளரோடு நேரே பேசினேன். விதியைக் குறை கூறவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "தம்பி, பணத்தைக் கேட்கவில்லை. நீண்ட விடுமுறையில் மூன்று அறையையும் கூடிய விலைக்கு விற்க உங்களுக்கு இன்னும் இருபது நாள் இருக்கின்றது. அதற்கு ஈடாக அடுத்த கிழமை செவ்வாயும் புதனும் எமக்குத் தரலாகுமா?" என்றேன். அவர் கணக்குப் பார்த்தார். கிழமை நாட்களின் விலை குறைவாயினும் எஞ்சிய பணம் மீளாது என்ற நிபந்தனையோடு இசைந்தார். முகவருக்கும் அவரே எழுதினார். அந்த எஞ்சிய பணத்தை யான் தண்டம் என்று எண்ணவில்லை. ஒருவர் நட்டப்படாமல் மற்றவர் உதவி பெறுதல் எப்பொழுதும் இயல்வதன்று.

எம் தெருவில் வான் வைத்திருக்கும் இளைஞரிடமும் முற்பணம் கொடுத்திருந்தேன். அவரோ, "காசு கிடக்கட்டும் ஐயா, எப்ப போறியளோ அப்ப சொல்லுங்கோ" என்று ஒரே சொல்லில் முடித்தார். முகமறிந்தோரிடையே நாள் மாறுதல் அவ்வளவு எளிதாயிருந்தது. யாவர்க்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை. ஆதலால் பணம் கட்டுமுன்பே, நாளை மாற்ற இயலுமா, வேறொருவர் பெயருக்கு மாற்றலாகுமா என்ற இரண்டையும் கேட்டறிந்துகொள்க. தடை தோன்றிய அன்றே அதனைச் சொல்லுக. நாள் நெருங்க நெருங்க விற்பவர் கையும் கட்டுண்டு போகும். முதியோரும் நோயாளரும் உள்ள வீட்டார் கூடிய விலை கொடுத்துத் தளர்வான பதிவைப் பெறுதலே சிக்கனம்.

அந்தச் சனிக்கிழமை விடியலில் நானும் தம்பியும் மூதூருக்குப் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலத்தை அவன் அன்றே முதன்முறை கண்டான். வானை நிறுத்தச் சொல்லிக் கைப்பிடிச் சுவரருகே சிறிது நேரம் நின்றான். ஆசிரியர் வீட்டிலே கல்வெட்டை யான் வாசித்தேன். இடையில் என் குரல் தழுதழுத்து நின்றபோது, தம்பி என் கையிலிருந்த தாளை வாங்கி, எஞ்சிய பாடல்களைச் சீர் பிசகாமல் வாசித்து முடித்தான். இருபது ஆண்டு வேற்று நாட்டில் வாழ்ந்தும் அவன் நாவில் அந்த ஓசை மாறவில்லை.

அடுத்த கிழமை நுவரெலியாவுக்குப் போனோம். இரண்டு நாளும் மழை. பிள்ளைகள் வெளியே செல்ல இயலாமையால், ஒரே மேசையைச் சுற்றி இருந்து ஆசிரியரின் கதைகளையே பேசிக்கொண்டிருந்தோம். மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்லிக் கேட்டவர் என் மனைவியே.