நீலகிரியின் செம்மலர் மரம்

தறியில் அரக்குச் சிவப்புப் பட்டு விரிவதைக் கண்டு வளர்ந்தவர்கள் காஞ்சி மாணவிகளாகிய நாம். அந்தச் செந்நிறத்தை ஒரு மரமே போர்த்தி நின்றால் எப்படி இருக்கும்! இறைவன் நெய்த அந்தப் பட்டின் பெயர் ரோடோடென்ட்ரான். கிரேக்க மொழியில் 'ரோஜா மரம்' என்பது இதன் பொருள்.

இமயமலையே இதன் தாய்வீடு. நேபாளத்தின் தேசிய மலர் இதுவே. உத்தரகண்டின் மாநில மரமும் இதுவே. இதன் கிளையினம் ஒன்று நம் தமிழ்நாட்டிலும் உள்ளது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உயரமான பகுதிகளில், சோலைக் காடுகளின் ஓரத்திலும் புல்வெளிகளிலும் இது வளர்கிறது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ரோடோடென்ட்ரான் இது ஒன்றே. இதைக் 'காட்டுப் பூவரசு' என்பர். ஆயினும் நம் தெருவோரப் பூவரசுக்கு இது உறவன்று. அது செம்பருத்திக் குடும்பம், இது எரிகேசியே குடும்பம்.

இதன் உறுப்புகள் யாவும் மலை வாழ்வுக்கு ஏற்றவை. தடித்த, தக்கை போன்ற பட்டை காட்டுத்தீயையும் உறைபனியையும் தாங்கும். தோல் போன்ற இலைகள் கிளை நுனியில் நெருங்கியிருக்கும். அவற்றின் அடிப்புறத்தைப் பழுப்பு நிற மென்மயிர் மூடியிருக்கும். மணி வடிவ மலர்கள் கொத்தாகப் பூக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ் மடல்களும் பத்து மகரந்தத் தாள்களும் உண்டு. தேனுண்ண வரும் பறவைகள் மகரந்தத்தைச் சுமந்து செல்லும். காய் முற்றி வெடித்ததும் நுண்ணிய விதைகள் காற்றில் பறக்கும். அமிலத்தன்மையுள்ள மண்ணும் குளிரும் இதற்கு வேண்டும். ஆகவே நம் ஊர் வெயிலில் இது வளராது.

2,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இமயத்தின் மரம் இங்கு வந்தது எப்படி? பனி யுகத்தில் இடைப்பட்ட நிலங்களும் குளிர்ந்திருந்தபோது இது தெற்கே பரவியது என்றும், பின்னர் வெப்பம் கூடியதும் மலையுச்சிகளில் மட்டும் தங்கிவிட்டது என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். இயேசு சபைக் குரு கே. எம். மாத்யூ அடிகளார் பழனி மலைத் தாவரங்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1999இல் நூலாக வெளியிட்டார். குருத்துவமும் தாவரவியலும் ஒருவரிடமே இணைந்திருந்தது நமக்கு மகிழ்ச்சி தருகிறது அல்லவா?

இன்று இம்மரத்திற்கு இன்னல் சூழ்ந்துள்ளது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரமும் தைலமரமும் புல்வெளிகளை விழுங்கிவிட்டன. உலகம் வெப்பமடைந்தால் இது இன்னும் மேலே ஏறித் தப்பவும் இயலாது. நீலகிரியின் மிக உயர்ந்த தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதற்கு மேல் வானமே உண்டு.

உதகைக்குச் சுற்றுலா செல்லும்போது பூங்கா மலர்களோடு நின்றுவிடாமல், இந்த மரத்தையும் தேடிக் காண்போம். ஆனால் பூவைப் பறிக்க வேண்டாம். படைத்தவர் நம்மிடம் ஒப்படைத்த செல்வத்தைக் காப்பது நம் கடமையன்றோ!