வெனிலாக் கொடி

பாலேட்டிற்கும் மிட்டாய்க்கும் மணமூட்டும் வெனிலா, ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்ததொரு காட்டுக்கொடியின் காயாகும். மெக்ஸிகோ தேசத்தின் கிழக்கிலும் அதனையடுத்த மத்திய அமெரிக்காவிலும் மழை மிகுந்த தாழ்நிலக் காடுகளே அதன் பிறப்பிடம். கணுதோறும் வேர் விட்டு மரத்தைப் பற்றி ஏறுமேயன்றி, மரத்தின் சாரத்தை உறிஞ்சுவதில்லை. அதனைப் புல்லுருவியென்று எண்ணுவது தவறு. காடுகளில் இக்கொடி இப்பொழுது மிகவும் அருகிவிட்டது.

பிற நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட கொடி செழித்து வளர்ந்தது, பூவும் பூத்தது, காய் மட்டும் பிடிக்கவில்லை. பூவினுள் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மெல்லிய மடலொன்று திரைபோல் நிற்பதே இதற்குக் காரணம். தாயகத்துக் காட்டில் தேனீயினத்துப் பூச்சிகளால் சில பூக்களேனும் கருவுறும். அயல் நாட்டில் அதற்கும் வழியில்லை. 1836-இல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மாரன் என்னும் தாவர சாஸ்திரி கையால் மகரந்தம் சேர்த்துக் காய் கண்டார். எனினும், தோட்டவேலைக்கு ஏற்ற எளிய முறையைக் கண்டவன் ரீயூனியன் தீவில் அடிமையாயிருந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்னும் 12 வயதுச் சிறுவனே. 1841-இல் அவன் மெல்லிய குச்சியால் அம்மடலைத் தூக்கி, பெருவிரலால் மகரந்தத்தை அழுத்திக் காட்டினான். இன்றும் உலகெங்கும் அம்முறையே வழங்குகிறது. பிறரைச் செல்வராக்கிய அவன் 1880-இல் வறியவனாகவே மாண்டான்.

விடியலில் மலரும் பூ பிற்பகலில் வாடிவிடும். அன்று கை படாத பூ உதிர்ந்தே போகும். ஆகவே, பூக்கும் பருவத்தில் நாள் தவறாமல் ஒவ்வொரு கொடியையும் பார்வையிட வேண்டும். வீட்டு ஆட்களால் கவனிக்க இயலும் அளவுக்கு மேல் நடுவது நஷ்டத்துக்கே இடமாகும்.

விலையைப் பற்றியும் எச்சரிக்கை அவசியம். 2000-இல் மடகாஸ்கரில் வீசிய புயலால் சரக்குக் குறைந்து, 2003 வரை விலை வெகுவாக ஏறிற்று. அதைக் கண்டு கேரளத்திலும் கர்நாடகத்திலும் பலர் இக்கொடியை நட்டனர். நட்ட கொடி பூக்க ஏறக்குறைய 3 ஆண்டுகள் செல்லும். 2005-க்குள் விலை சரிந்துவிட்டது. 1874 முதல் இரசாயன முறையில் செய்யப்படும் மலிவான வெனிலின் இருக்கையில், விலை மிஞ்சினால் வாங்குவோர் அதன் பக்கம் திரும்புவது இயல்பேயன்றோ!

பச்சைக் காய்க்கு மணமில்லை. சுமார் 9 மாதம் முற்றிய காயை வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வெயிலிலும் நிழலிலும் பல வாரங்கள் உலர்த்தினாலே மணம் பிறக்கும். 5 அல்லது 6 கிலோ பச்சைக் காய்க்கு 1 கிலோ பக்குவச் சரக்குத்தான் தேறும். சிறு விவசாயிக்கு இது தனியே கைகூடுவது அரிது. அங்கத்தினர் காய்களை நிறுத்து, தரம் பிரித்து, கணக்கு வைத்துச் சங்கமே ஒரு கொட்டகையில் பதப்படுத்தலாம். திருட்டுக்கு அஞ்சி முற்றாத காயைப் பறிப்போர் உண்டு. அதனால் மணம் குன்றி, ஊர்ச் சரக்கு முழுவதற்கும் பெயர் கெடும். பறிக்கும் நாளையும் சங்கமே குறித்து, அதுவரை தோட்டங்களுக்கு இரவுக் காவலை முறைவைத்து ஏற்பாடு செய்வது உத்தமம்.