எடுப்பது வேறு, காட்டுவது வேறு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். வெளிநாட்டில் இருக்கும் போட்டோகிராபருக்கு அன்றாடம் எப்படி ஓடும் என்று கேட்டீர்கள். பெர்லினை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர் மாடவீதிகளில் கேமராவோடு சுற்றி வளர்ந்த நம்மாள் ஒருவர் அங்கே போய்க் குடியேறினார் என்று வையுங்கள். மொழி, வாடகை, விசா எல்லாம் அந்நிய ஊருக்குப் போகிற எல்லோரும் படுகிற பாடுதான். இவருக்கென்று தனியாக இரண்டு உண்டு. வெயிலைப் புதிதாகப் படிக்க வேண்டும். மனிதர்களின் முகத்தைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும். முதலாவது ஒரு குளிர்காலம் போனால் கைக்கு வந்துவிடும். இரண்டாவதுதான் ஆளை மாற்றுவது.

வெயிலை முதலில் பார்த்துவிடுவோம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது, பெர்லின் 52 டிகிரிக்கும் மேலே. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கும். கண்குழி கறுத்துப்போகும், மூக்குக்கடியில் மீசை மாதிரி ஒரு நிழல் விழும். நம்மூர் படக்காரர்கள் காலையிலும் சாயங்காலத்திலும் வேலை வைத்துக்கொண்டு நடுப்பகலில் கேமராவைப் பைக்குள் போடுவது அதனால்தான். பெர்லினில் சூரியன் உச்சிக்கு வருவதே கிடையாது. ஜூன் மாத நண்பகலில்கூட 61 டிகிரிதான். டிசம்பர் 21 அன்று தொடுவானத்துக்கு மேலே வெறும் 14 டிகிரி. நாள் முழுக்கச் சாய்ந்த வெயில், ஆகவே கொண்டாட்டம் என்று தோன்றும். அங்கேதான் ஊரின் கட்டடங்கள் குறுக்கே நிற்கின்றன. பழைய பெர்லினில் கட்டடத்தின் தாழ்வாரம் 22 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்தது. அந்த உயரத்திலேயே வீடுகள் வரிசையாக நிற்கும். 14 டிகிரிச் சூரியனில் 22 மீட்டர்ச் சுவரின் நிழல் ஏறக்குறைய 88 மீட்டர் நீளும். தெருவின் அகலம் பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் குளிர்காலம் முழுக்க நடைபாதையில் வெயில் படாது. மேல்மாடிச் சன்னல்களில் மட்டும் பொன்னாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

பல நாள் அதுவும் இருக்காது, மூடிய சாம்பல் வானம்தான். புதிதாகப் போனவர் இதைப் பார்த்துச் சோர்ந்துபோவார். ஆனால் முகம் எடுப்பதற்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது என்பது என் கட்சி. வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுகிறது. நிழலுக்கு ஓரமே இருக்காது. ஜூனில் கதை தலைகீழ். காலை ஐந்துக்கு முன்பே விடிந்து, இரவு ஒன்பதரை வரை பகல். சூரியன் சரிவாக இறங்குவதால் அந்தி முக்கால் மணி நேரம் நீடிக்கும். சென்னையில் செங்குத்தாக இறங்கி இருபது நிமிஷத்துச் சொச்சத்தில் இருட்டிவிடும் அந்தியைத் துரத்திப் பழகியவருக்கு, இவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கை பரபரக்கும்.

பனி விழுந்தால் வேறொரு கணக்கு. கேமராவின் ஒளி மீட்டருக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். படம் நிறையப் பனி இருந்தால், ‘அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா’ என்று தானே குறைத்துவிடும். பனி அழுக்குச் சாம்பலாகும். நடுவில் பட்டுப்புடவையில் நிற்கும் நம்மூர்ப் பெண்ணின் மாநிற முகம் இருளில் போய்விடும். பனியை விட்டுவிட்டு முகத்துக்கு மீட்டர் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டிவைக்க வேண்டும். அதோடு பனியே கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் முத்துமுத்தாக நீர் பூத்துவிடும். ஏசி அறையிலிருந்து சென்னை வெயிலுக்கு வந்தவருக்கு இது தெரிந்ததுதான், திசை மட்டும் மாறியிருக்கிறது.

இதெல்லாம் கைப்பழக்கம். சோறு எங்கிருந்து வரும்?

ஜெர்மனியில் படமெடுப்பது ஒரு பக்கம் கைத்தொழில், மறுபக்கம் கலை. பாஸ்போர்ட் படம், குடும்பப் படம் எடுத்தால் கைத்தொழில், அதற்குத் தொழில் பதிவு வேண்டும். முன்பெல்லாம் கைத்தொழில் மாஸ்டர் பட்டம் இல்லாமல் ஸ்டூடியோவே திறக்க முடியாது. 2004ல் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். பத்திரிகைக்கும் கண்காட்சிக்கும் எடுத்தால் கலைஞர். கலைஞர்களுக்கு 1983லிருந்து தனிச் சமூகக் காப்பீடு இருக்கிறது. மருத்துவ, ஓய்வூதியச் சந்தாவில் பாதியை மட்டும் அவர் கட்டினால் போதும். மீதியை அரசும், கலைஞர்களிடம் வேலை வாங்கும் நிறுவனங்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே ஆள், ஒரே கேமரா. காலையில் தொழிலாளி, மாலையில் கலைஞர், எது எத்தனை விழுக்காடு என்று ரசீது காட்ட வேண்டும். சின்ன ஸ்டூடியோக்காரர்களுக்கு இன்னொரு இடியும் விழுந்திருக்கிறது. 2025 மே 1 முதல் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் காகிதப் படம் செல்லாது. ஸ்டூடியோவிலிருந்து படம் பாதுகாப்பான இணையச் சேமிப்புக்குப் போய்விடும், வாடிக்கையாளர் கையில் குறியீட்டுச் சீட்டு மட்டும்தான். பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே இயந்திரத்தின் முன் நின்று எடுத்துக்கொண்டால் ஆறு யூரோ. நான்கு படத்தைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுக்கும் பிழைப்பு அத்தோடு சரி.

இன்னொரு கிளாஸ் ஊற்றுகிறேன். இனிமேல்தான் முக்கியமான சங்கதி.

மாடவீதியில் கேமராவைத் தூக்கினால் பாதிப் பேர் சிரிப்பார்கள், கால்வாசிப் பேர் ‘எந்தப் பேப்பர்ல வரும் சார்?’ என்பார்கள். பெர்லினில் யாரும் அடிக்க வர மாட்டார்கள். ஆனால் ஒருவர் வந்து நிதானமாக, படத்தை அழித்துவிடுங்கள் என்பார். அந்த நிதானத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பிணம்.

1898 ஜூலை 30 இரவு, ஹாம்பர்க் பக்கத்தில் ஃபிரீட்ரிஷ்ஸ்ரூ என்ற இடத்தில் தன் மாளிகையில் பிஸ்மார்க் இறந்தார். ஜெர்மனியை ஒரே நாடாகக் கட்டியவர், இரும்பு சான்சலர். சில மணி நேரத்துக்குள் வில்லி வில்கே, மாக்ஸ் பிரீஸ்டர் என்ற இரண்டு ஹாம்பர்க் படக்காரர்கள், தகவல் சொல்ல ஆள் பிடித்து வைத்திருந்தவர்கள், சன்னல் வழியாக அறைக்குள் இறங்கினார்கள். மக்னீசியம் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொண்டு வந்த வழியே போனார்கள். தலையில் துணி கட்டியபடி, சுருங்கிப்போய்ப் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவர். பெரிய விலைக்கு விற்கப் பார்த்தபோது மாட்டிக்கொண்டார்கள். குடும்பம் நீதிமன்றம் போனபோதுதான் ஒரு ஓட்டை தெரிந்தது: ஒருவரின் உருவம் அவருக்கே சொந்தம் என்று சொல்ல நாட்டில் சட்டமே இல்லை. கடைசியில் அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்த குற்றத்தைப் பிடித்துக்கொண்டு, அப்படிக் கிடைத்த படத்தை வைத்துக்கொள்ள உரிமையில்லை என்று தீர்த்தார்கள். ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1907ஆம் ஆண்டுச் சட்டம். இன்றும் அமலில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் வரி நுட்பமானது. ஒருவர் உருவத்தைப் பரப்பவோ பொதுவில் காட்டவோ அவர் சம்மதம் வேண்டும், இறந்திருந்தால் பத்தாண்டு வரை உறவினர் சம்மதம். ஷட்டரை அழுத்துவதைப் பற்றி அதில் பேச்சில்லை. எடுப்பது வேறு, காட்டுவது வேறு. எடுப்பதும் சில இடங்களில் தப்பாகும் என்று பிற்காலத்தில் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வீட்டுக்குள் இருப்பவரைத் திருட்டுத்தனமாக எடுப்பது 2004லிருந்து தனிக் குற்றம். 2018லிருந்து ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. விலக்குகளும் உண்டு. ஊர்வலம், கூட்டம், நாட்டு நடப்பு, காட்சியில் ஓரமாகத் தற்செயலாக நிற்கும் ஆள், கலையின் மேலான தேவை, இப்படி. சட்டத்தில் எனக்குப் பிடித்த வரி இன்னொன்று: படத்தில் இருப்பவர் அதற்காகப் பணம் வாங்கியிருந்தால், சந்தேகம் வரும்போது சம்மதம் கொடுத்ததாகவே கொள்ளப்படும். சட்டம் எழுதியவர் சந்தை தெரிந்தவர்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டம் வந்து ஏழே ஆண்டில், அதே நாட்டில் வெட்ஸ்லார் ஊரில் ஆஸ்கர் பர்னாக் கைக்கடக்கமான ஒரு கேமராவைச் செய்துவிட்டார். 1925ல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தெருவில் ஆளுக்குத் தெரியாமல் எடுப்பதற்கு அதைவிடத் தோதான கருவி அதுவரை உலகத்தில் இல்லை. 1928ல் எரிக் சாலமன் வேறொரு சிறிய கேமராவைத் தொப்பிக்குள் ஒளித்துவைத்து நீதிமன்றத்துக்குள்ளேயே படமெடுத்தார். ஜெர்மனியின் ஒரு கை கதவைப் பூட்ட, இன்னொரு கை சன்னலைத் திறந்துகொண்டே இருந்திருக்கிறது.

இந்த இழுபறி எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு ஒரு வழக்கு சொல்கிறேன். எஸ்பன் ஐஷ்ஹோஃபர் என்ற பெர்லின் படக்காரர் மேற்கு பெர்லினின் ஜூ ரயில் நிலையம் பக்கம் ஒரு பெண் தெருவைக் கடப்பதை எடுத்தார். 2013ல் ஒரு கண்காட்சிக்காக அது பெரிய அளவில் போக்குவரத்து நிறைந்த சாலையோரத்திலேயே வைக்கப்பட்டது. அந்தப் பெண் பார்த்தார், வழக்குப் போட்டார். 2018 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் பதில் சொன்னது. தெருப் படம் எடுப்பதும் கலைதான், முன்னதாக எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் அந்தக் கலையே இருக்க முடியாது. ஆனாலும் ஆயிரம் பேர் கடக்கும் சாலையில் ஒரு பெண்ணைக் கண்ணை இழுக்கும் பலகையாக நிறுத்தியது அதிகம். படக்காரர் தோற்றார், கலை ஜெயித்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அரங்குச் சுவரில் தேடி வந்து பார்ப்பவர் வேறு, சிக்னலில் நின்று முறைப்பவர் வேறு.

கட்டடங்கள் பரவாயில்லை. தெருவில் நிரந்தரமாக நிற்பதைத் தெருவில் நின்று எடுத்தால் விற்கவும் செய்யலாம். 1995ல் கிறிஸ்டோவும் ழான்-க்ளோதும் துணியால் போர்த்திய நாடாளுமன்றக் கட்டடத்தை மட்டும் தபால் அட்டையாக்கி விற்க முடியவில்லை. அது சில நாளுக்கு மட்டும் நின்ற கலைப்பொருள், நிரந்தரம் இல்லை என்றார்கள். மாடியில் ஏறியும் டிரோனைப் பறக்கவிட்டும் எடுத்த படங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்றும் தீர்ப்புகள் வந்துவிட்டன.

ஆக, நம்மாளின் ஒரு சாதாரணச் சனிக்கிழமை எப்படிப் போகும்? காய்கறிச் சந்தையில் துருக்கிக் கடைக்காரர் தக்காளியை அடுக்குகிற அழகு கண்ணில் படும். ஊரில் என்றால் பத்து ஃபிரேம் ஓடியிருக்கும். இங்கே முதலில் ‘மார்கன்’ என்று வணக்கம், அரைக் கிலோ தக்காளி, நாலு வார்த்தை, பிறகு கேமராவைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டிக் கண்ணால் ஒரு கேள்வி. தலையசைத்தால் எடுக்கலாம். ஆனால் கேட்ட உடனே அவர் நேராக நின்று சட்டையைச் சரிசெய்வார். பார்த்த அழகு போய்விட்டது. திரும்ப அவர் மறந்து வேலையில் மூழ்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும், அடுத்த வாரமும் வர வேண்டும். விளையாட்டுத் திடலில் குழந்தைகள் பக்கம் லென்ஸைத் திருப்புவதே இல்லை. கோடையில் ஏரிக்கரையில் கேமராவை வெளியில் எடுப்பதும் இல்லை, அங்கே துணியில்லாமல் குளிப்பது பழைய வழக்கம். இப்படி விலகி விலகிப் போனதில் படத்தின் சுபாவமே மாறுகிறது. முதுகுகள், கைகள், சன்னல் நிழல்கள், மூடிய குடைகள். பெர்லின் தெருப் படங்களில் முகமில்லாத மனிதர்கள் இத்தனை பேர் இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன், அழகியல் மட்டும் என்று சொல்ல மாட்டேன். நஷ்டம் இல்லையா என்றால் உண்டு. தற்செயல் என்ற ஒன்று குறைகிறது. பதிலுக்குக் கிடைப்பது தெரிந்த முகங்கள்.

இதே ஆள் கோடையில் ஹாம் நகரத்துக்கு ரயிலேறிப் போனால் காட்சி மாறும். அங்கே ஊன்ட்ரோப் தொழிற்பேட்டை நடுவே ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் நிற்கிறது, 2002ல் குடமுழுக்கு ஆனது, கோபுரம் சுமார் 17 மீட்டர். எண்பதுகளில் ஈழத்துத் தமிழர் பலர் ஜெர்மனிக்குள் வந்தது கிழக்கு பெர்லின் வழியாகத்தான். ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிஷ்ஷ்ட்ராஸ ரயில் நிலையத்தில் மேற்குக்கு மாறினார்கள். அதை எல்லை என்று ஒப்புக்கொள்ள மேற்கு ஜெர்மனிக்கு மனமில்லாததால் அங்கே தடுக்கும் கை இல்லை. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது தேர் இழுக்கிறார்கள். கால்வாயில் தீர்த்தம் நடக்கிறது. ஊர்வலம் என்பதால் சட்டம் விலகி நிற்கிறது, எல்லோர் கையிலும் போன்.

ஆனால் கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைத் தனியாகப் பிரித்து எடுத்தால் அது ஊர்வலத்தின் படம் இல்லை, அந்த ஆளின் படம். அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் ஒரு அம்மாவிடம் நம்மாள் போய், “அம்மா, உங்களை ஒரு படம் எடுக்கலாமா?” என்றால் பதில் இப்படி வரும்:

“எடுங்கோ தம்பி. ஆனா எங்க போடப் போறீங்கள்?”

நூறு வருஷத்துச் சட்டம் கேட்பதும் இதே கேள்விதான். ஈழத்துச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டைப் படத்துக்கும் முகத்துக்கும் பொருத்தம் பார்க்கப்பட்ட காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மாள் கண்காட்சி என்பார், இணையம் என்பார், பையிலிருந்து சம்மதச் சீட்டை எடுப்பார். தமிழிலும் ஜெர்மனிலும் அடித்து வைத்திருப்பது நல்லது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் வாசிப்பார். இணையம் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, கண்காட்சிக்கு மட்டும் கையெழுத்து வைப்பார். கூடவே தன் வாட்ஸ்அப் நம்பரையும் எழுதிக் கொடுத்து, மகளும் சேர்ந்து நிற்கிற மாதிரி இன்னொன்று எடுக்கச் சொல்வார்.