இருளையும் எழுதிய சிறுமலர்

எமது இல்லங்களில் ஒருவர் ஆண்டவரில் துயில்கொண்டால், 31ஆம் நாள் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றோம். அன்று நினைவுமலர் ஒன்றை அச்சிட்டு உற்றார் உறவினருக்கு வழங்குவோரும் உண்டு. பிறந்த ஊர், கற்ற பாடசாலை, வகித்த பதவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள் என யாவும் அதில் இடம்பெறும். என்றும் மலர்ந்த முகத்தினர் என்றும், ஆழ்ந்த விசுவாசி என்றும் எழுதியிருப்போம். அவை பொய்யல்ல. ஆயினும் அவர் எத்தனை இரவுகள் உறக்கமின்றி விழித்திருந்தார், எந்நாளில் இறைவனோடு மனத்தாங்கல் கொண்டார், பின்னர் எதனால் மீண்டும் செபமாலையைக் கையில் எடுத்தார் என்பன அம்மலரில் இருப்பதில்லை. அவரும் எழுதிவைக்கவில்லை, நாமும் கேட்டறியவில்லை.

பிரான்ஸ் நாட்டின் லிசியே நகரிலுள்ள கார்மேல் மடத்திலும் இதையொத்த வழக்கம் ஒன்று இருந்தது. கன்னியர் ஒருவர் மரித்தால், அவரது வாழ்வைச் சுருக்கமாக எழுதி ஏனைய கார்மேல் மடங்களுக்கு மடலாக அனுப்புவர். 1897 செப்டெம்பர் 30ஆம் திகதி, காசநோயினால், 24ஆவது வயதில் ஓர் இளங்கன்னி மரித்தபோது அம்மடலுக்குப் பதிலாக ஒரு நூலே அச்சாயிற்று. மரித்தவர் தாமே எழுதி வைத்த வாழ்க்கை வரலாறு அது. அவரே சிறுமலர் என நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. அந்நூல் 'ஓர் ஆன்மாவின் வரலாறு'.

அவர் நூலாசிரியராக விரும்பி எழுதத் தொடங்கியவர் அல்லர். குளிர்கால மாலையொன்றில், அதே மடத்தில் கன்னியராயிருந்த தம் உடன்பிறந்த சகோதரிகளோடு உரையாடுகையில் தமது பிள்ளைப்பருவ நிகழ்வுகளைச் சுவைபடக் கூறினார். அவற்றை எழுதுமாறு பணிக்க வேண்டும் என மூத்த சகோதரி மரி ஆலோசனை கூற, அப்போது மடத்தின் தலைவியாக இருந்த மற்றொரு சகோதரி அன்னை ஆக்னேஸ் அவ்வாறே பணித்தார். தெரேசா முதலில் அதைக் கேலியென எண்ணிச் சிரித்தாராம். எனினும் கீழ்ப்படிந்தார். 1895ஆம் ஆண்டு முழுவதும், ஓய்வு கிடைத்த சிறு பொழுதுகளில், மலிவான அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதினார். 1896 சனவரி 20ஆம் திகதி அதைத் தலைவியிடம் ஒப்படைத்தார். அவரோ அதைத் திறந்தும் பாராமல் பல வாரங்கள் ஒருபுறம் வைத்திருந்தார். தெரேசா அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மனிதரின் பாராட்டுக்காக எழுதியவரால் அவ்வாறு மௌனமாயிருக்க இயலுமா?

அவர் எழுதியவை எவை? நான்கு வயதில் தாயை இழந்த துயரை எழுதினார். தொட்டதற்கெல்லாம் அழுது, அழுதுவிட்டோமே என்று மீண்டும் அழுத தமது பலவீனத்தை எழுதினார். 1886ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபோது நிகழ்ந்ததையும் எழுதினார். பிள்ளைகளின் சப்பாத்துக்களில் பரிசு வைக்கும் அந்நாட்டு வழக்கத்தைக் கண்டு களைப்புற்றிருந்த தந்தை, இதுவே கடைசி வருடமாயிருப்பது நல்லது என்று கூறியது மகளின் செவியில் விழுந்தது. வழமைபோல் அழுது தீர்க்க வேண்டிய அவள், கண்ணீரை அடக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, தந்தையின் முன் மகிழ்வோடு பரிசுகளைப் பிரித்தாள். பதினான்கு வயது நிரம்பாத அப்பெண் தன்னைத் தானே கண்டுகொண்ட இரவு அது. அற்புதங்கள் எதுவும் நிகழவில்லை. ஒரு சோடி சப்பாத்தும் அடக்கிய கண்ணீருமே அங்கே இருந்தன. ஆயினும் அதனை இறையருளின் செயலாக அவர் இனங்கண்டு எழுதினார்.

குடும்பத்தின் பெருந்துயரையும் அவர் மறைக்கவில்லை. தந்தை லூயி மனநலம் குன்றி, 1889 முதல் மூன்று ஆண்டுகள் மனநோயாளர் மருத்துவமனையில் இருந்தார். மகள்மார் ஒருவர்பின் ஒருவராக மடத்துக்குச் சென்றதே இதற்குக் காரணம் என ஊரார் பேசிக்கொண்டனர். எம்மிடையே இன்றும் இத்தகைய நோயைக் கதவடைத்து மறைக்கும் வீடுகள் உண்டல்லவா? தெரேசாவோ அந்த ஆண்டுகளைத் தம் குடும்பத்துக்குக் கிடைத்த பெருஞ்செல்வமாகவே குறிப்பிட்டார். அத்தந்தையும் தாய் செலியும் 2015 ஒக்டோபர் 18ஆம் திகதி புனிதர்களாகப் பிரகடனம் செய்யப்பட்டனர்.

தமது செப வாழ்வைப் பற்றியும் அவர் உள்ளதை உள்ளவாறே கூறினார். செபவேளைகளில் ஏழு ஆண்டுகளாக உறங்கிவிழுந்ததை ஒத்துக்கொண்டார். தனியே செபமாலை சொல்வது தமக்கு எவ்வளவு கடினம் என்பதை வெட்கத்தோடு எழுதினார். அன்னை மரியாளை அவர் நேசிக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். நேசித்தும் மனம் ஒன்றவில்லை என்பதே அவரது துன்பம்.

எல்லாவற்றிலும் மேலாக, 1896ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் காலத்தில் தம்மைச் சூழ்ந்த இருளை எழுதினார். பெரிய வியாழன் இரவில் அவர் முதன்முறையாக இரத்தம் கக்கினார். சில நாட்களில், விண்ணகம் உண்டு என்ற உறுதியே அவரது உள்ளத்தில் மறைந்தது. மரணத்துக்கு அப்பால் வெறுமையே காத்திருக்கிறது என ஏதோவொரு குரல் தம்மை ஏளனம் செய்வதாக உணர்ந்தார். அதனை விபரித்து வருகையில், மேலும் எழுதினால் இறைநிந்தனை ஆகிவிடுமோ என்று அஞ்சி நிறுத்திக்கொண்டார். ஆயினும் எழுதியதைக் கிழித்தெறியவில்லை. அவ்விருளின் நடுவே விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்திருந்தார். 1897 யூன் மாதத்தில் தோட்டத்து மரநிழலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி எழுதியவர், ஈற்றில் பேனாவைப் பிடிக்கவும் வலுவின்றிப் பென்சிலால் எழுதி முடித்தார்.

இனி நிகழ்ந்ததைக் கவனியுங்கள். 1898 செப்டெம்பர் 30ஆம் திகதி அந்நூல் 2000 பிரதிகளாக வெளிவந்தது. அதற்கு முன்னர் அன்னை ஆக்னேஸ் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தினார். அதற்கான அனுமதியைத் தெரேசாவே வழங்கியிருந்தார். எனினும் அத்திருத்தங்கள் ஏறத்தாழ 7000 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. தீய நோக்கம் எதுவும் அதில் இல்லை. தங்கையின் மீதிருந்த பாசமே அக்கரத்தை இயக்கியது. எங்கள் நினைவுமலர்களைத் திருத்துவதும் அதே பாசம்தானே! அன்னை ஆக்னேஸ் 1951இல் மரித்த பின்னர், 1956ஆம் ஆண்டிலேயே தெரேசாவின் கைப்பிரதிகள் அவர் எழுதியவாறே வெளியிடப்பட்டன. தங்கையின் சொந்தக் குரல் உலகின் செவியை எட்ட ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. அக்குரலால் அவரது புனிதத்துவம் குறைந்ததா? இல்லை. 1997 ஒக்டோபர் 19ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பெரும் கல்வியேதும் பெறாத அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

அன்புக்குரிய வாசகரே, உங்கள் வாழ்வையும் எழுதுங்கள். எழுதுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது எனக் கேட்கவேண்டாம். இடம்பெயர்ந்த பாதைகள், கைவிட்டு வந்த வீடு, மீளாத பிள்ளை, கடன்பட்டுக் கற்பித்த ஆண்டுகள், ஆலயத்துக்குச் செல்ல மனமின்றிக் கழிந்த ஞாயிறுகள் என எத்தனையோ உண்டு. விசுவாசத்தில் உறுதியாயிருந்தேன் என்ற ஒரு வரியை விட, அன்றிரவு என்னால் செபிக்க முடியவில்லை என்ற ஒரு வரி உங்கள் பேரப்பிள்ளைக்கு ஒருநாள் கைகொடுக்கும். அதே இருளில் அப்பிள்ளை நிற்கும்போது, எங்கள் அம்மம்மாவும் இவ்வழியே நடந்து கரைசேர்ந்தாரே என்று அது தேறும்.

உண்மையை எழுதுவதென்பது பிறரைக் காயப்படுத்துவதன்று. தம் இயல்புக்குச் சற்றும் ஒவ்வாத சகோதரி ஒருவர் மடத்திலிருந்ததைத் தெரேசா எழுதினார், பெயரை எழுதவில்லை. அச்சகோதரியின் குற்றங்களை அவர் பட்டியலிடவுமில்லை. பொறுமை எல்லைமீறும் வேளைகளில் போர்க்களத்தை விட்டோடும் வீரனைப்போல் தாம் தப்பியோடியதையே கூறினார். பிறரைக் குறித்து எழுதுகையில் இதுவே எமக்கு நல்ல அளவுகோல். பாவசங்கீர்த்தனத்தில் கூறவேண்டியவற்றை ஆண்டவரிடம் அங்கே கூறுவோம். பிறர் எம்மை நம்பிக் கூறிய இரகசியங்களைக் காத்துக்கொள்வோம். எம்முடைய பலவீனத்தையும் அதில் இறைவன் செய்ததையும் மறைக்காது எழுதுவோம்.

பேதுரு ஆண்டவரை மறுதலித்ததை நான்கு நற்செய்தியாளர்களும் மறைக்காமல் எழுதிவைத்தனர். திருச்சபையின் முதல் தலைவருக்கு அது இழுக்கென்று அவர்கள் எண்ணவில்லை. அவரது கண்ணீரை நாம் அறிந்ததனாலேயே, விழுந்தபின் எழலாம் என்ற நம்பிக்கை எமக்கும் உண்டாயிற்று.

ஆகவே இவ்வாரம் ஒரு கொப்பியை எடுங்கள். சிலுவை அடையாளம் வரைந்து, நீங்கள் இதுவரை எவரிடமும் கூறாத ஒரு நாளிலிருந்து தொடங்குங்கள். எழுதத் தெரியாத முதியோர் வீட்டிலிருப்பின், அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு எழுதுங்கள். அன்றும் உங்களோடிருந்த ஆண்டவர், அதை எழுதும் வேளையிலும் உங்கள் அருகில் இருப்பாராக.