ஒப்பந்தத்தில் நிற்கும் உயிர்காப்பு: மதுரையின் சிறப்புச் செவிலியரும் ஒடுக்கப்பட்டோரின் மருத்துவ உரிமையும்

மதுரை அரசு இராசாசி மருத்துவமனை மதுரை நகருக்கு மட்டும் உரிய மருத்துவமனை அன்று. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர், வாடிப்பட்டி வட்டங்களின் சிற்றூர்களிலிருந்தும், தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கு அனுப்பப்படுகிறார்கள். தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளைக்குக் கூடக் கட்டணம் செலுத்த இயலாத நிலமற்ற விவசாயக் கூலிகள், தூய்மைப் பணியாளர்கள், கட்டடத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இதுவே கடைசிப் புகலிடம். அவர்களுள் பட்டியல் சாதி மக்கள் திரளாக இருக்கிறார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த மருத்துவமனையைப் பற்றிப் பேசும்போது கட்டடங்களையும் கருவிகளையும் மருத்துவர் பணியிடங்களையும் பற்றி மட்டுமே பேசுவது வழக்கமாகிவிட்டது. மருத்துவர் ஒரு படுக்கையருகே நிற்பது சில நிமிடங்கள். மீதி நேரம் முழுவதும் நோயாளியின் உயிர் செவிலியரின் கவனிப்பில் இருக்கிறது. அந்தச் செவிலியர் அப்பிரிவுக்கென்றே பயிற்சி பெற்றவரா, அவர் அங்கு எத்தனை ஆண்டுகள் நீடிப்பார், அவருடைய பணி நிரந்தரமானதா என்பவை நிர்வாகக் கேள்விகளாகவே பார்க்கப்படுகின்றன. இவை உயிர்வாழும் உரிமையையும் சமத்துவ உரிமையையும் சார்ந்த கேள்விகள் என்பதே நமது வாதம்.

சிறப்புச் செவிலியர் என்பவர் யார்?

3 ஆண்டுப் பட்டயமோ 4 ஆண்டு இளநிலைப் பட்டமோ முடித்து, மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றவர் செவிலியர். அதன் பின் தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, புற்றுநோய், சிறுநீரகம், மனநலம் போன்ற ஒரு துறையில் ஓராண்டு சிறப்புப் பட்டயம் பெறுவதற்கான பாடத்திட்டங்களை இந்திய செவிலியர் மன்றம் வகுத்துள்ளது. தீவிர சிகிச்சைக்கென முதுநிலைப் படிப்பும் உண்டு. படிப்பால் மட்டும் ஒருவர் சிறப்புச் செவிலியர் ஆகிவிடுவதில்லை. ஒரே பிரிவில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றும்போதுதான் அந்தத் திறன் கைவருகிறது.

அவர் செய்வது என்ன என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளியின் தலைப்பகுதியை உயர்த்தி வைப்பது, வாயைத் தூய்மை செய்வது, சுவாசக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது, படுக்கைப்புண் வராமல் குறித்த இடைவெளியில் திருப்பிப் படுக்க வைப்பது ஆகியவை சிறிய வேலைகளாகத் தோன்றும். இவற்றில் ஒன்று தவறினாலும் நுரையீரல் தொற்றோ குருதி நச்சோ ஏற்பட்டு, முதலில் வந்த நோயிலிருந்து தேறியவர் மருத்துவமனையில் பெற்ற நோயால் இறக்கலாம்.

குறைமாதக் குழந்தைக்குச் செலுத்தப்படும் ஆக்ஸிஜனைப் பாருங்கள். குறைந்தால் மூளை பாதிக்கப்படும். அளவு மீறினால் கண்ணின் விழித்திரையில் இரத்த நாளங்கள் முறைதவறி வளர்ந்து பார்வை பறிபோகும். அளவுகாட்டியை இடைவிடாது கவனித்து ஆக்ஸிஜனைக் கூட்டிக் குறைப்பவர் செவிலியர். 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கு 30 நாட்களுக்குள் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதைத் தாய்க்குப் புரியும்படி சொல்லி அனுப்புபவரும் பெரும்பாலும் அவரே. அச்சொல் தாயிடம் சென்று சேராவிட்டால் தடுத்திருக்கக்கூடிய பார்வையிழப்பு ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சுமையாகிறது.

டயாலிசிஸ் என்பது வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் நடப்பது. இடையில் இரத்த அழுத்தம் திடீரென வீழ்வதை முகக் குறிப்பிலேயே கண்டுகொள்ளும் செவிலியர் அந்தப் பிரிவில் பழகியவராகத்தான் இருக்க முடியும்.

மருத்துவமனைக்கு வெளியிலும் இத்தகைய பணி உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒன்றியந்தோறும் வலி தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடுகளுக்குச் செல்ல வேண்டும். புற்றுநோய் முற்றியவர், பக்கவாதத்தால் படுத்தவர், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர் ஆகியோரின் புண்ணைச் சுத்தம் செய்து, குழாயை மாற்றி, பராமரிக்கும் முறையைக் குடும்பத்தினருக்குக் கற்றுத் தருவது அச்செவிலியரின் பணி. பேருந்துக்குக் காசில்லாத வீட்டில், வேலைக்குப் போனால்தான் உணவு என்ற நிலையில் உள்ளவர்கள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு அலையாமல் இருக்க இது ஒன்றே வழி.

மதுரை காட்டிய ஒரு முன்மாதிரி

பயிற்சியும் நிலையான பணியும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு மதுரையிலேயே சான்று உள்ளது. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளிக் கல்வி முடித்த கிராமப்புற இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து 2 ஆண்டுகள் பயிற்சி அளித்தது. பார்வை அளவிடல், அறுவைக்கு முன் நோயாளியை ஆயத்தப்படுத்தல், அறுவை அரங்கில் துணைநிற்றல், ஆலோசனை கூறல் என ஒவ்வொருவரும் ஒரு பணியில் தேர்ச்சி பெறுகிறார்கள். மருத்துவர் தம்மால் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்ய நேரம் கிடைக்கிறது. உலகம் வியந்து படிக்கும் அந்த அமைப்பின் அடித்தளம் இப்பெண்களின் உழைப்பே.

இவர்கள் கண் மருத்துவ உதவியாளர்கள். செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்ற செவிலியர் அல்லர். எனவே ஒரு சட்டக் கேள்வியும் எழுகிறது. ஒரு நிறுவனத்தில் பெற்ற திறன், அதை விட்டு வெளியேறிய பின்னும் செல்லுபடியாக வேண்டுமானால் அரசு ஏற்கும் பதிவு தேவை. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டமும், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டமும் இத்தகைய பதிவுக்கு வழி வகுக்கின்றன. அவை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது.

ஒப்பந்தம் திறனை எப்படி அழிக்கிறது?

தமிழ்நாட்டில் 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. 2015இல் 7,243 செவிலியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. போட்டித் தேர்வு எழுதி, இடஒதுக்கீட்டு முறைப்படி தேர்வானவர்களுக்குத் தரப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2 ஆண்டுகளுக்குப் பின் காலமுறை ஊதியம் கிடைக்கும் என்ற நம்பிக்கை பொய்த்தபோது, 2017 நவம்பர் இறுதியில் அவர்கள் சென்னை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள். அதன் பிறகே தொகுப்பூதியம் 14,000 ரூபாயானது. பின்னர் 18,000 ஆனது. கொரோனா காலத்தில் பணியமர்த்தப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட செவிலியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர்களுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியான மற்றுமொரு தற்காலிகப் பணி.

இதை ஊதியப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர் ஓராண்டு சிறப்புப் பட்டயம் படிக்க விடுப்பில் செல்ல இயலாது. நிரந்தரச் செவிலியரே ஆயினும், சிறப்புத் தகுதிக்கென்று தனிப் பணியிடம் இல்லையென்றால், தீவிர சிகிச்சையில் தேர்ந்தவர் நாளை புறநோயாளர் பிரிவுக்கு மாற்றப்படலாம். ஒவ்வொரு மாற்றத்தின் போதும், ஒவ்வொரு பணிநீக்கத்தின் போதும் அந்தப் பிரிவு சேர்த்து வைத்த அறிவு வெளியேறுகிறது. புதிதாக வருபவர் கற்றுக்கொள்ளும் காலத்தின் விலையை, வேறு மருத்துவமனைக்குப் போக வழியில்லாத நோயாளி தருகிறார்.

எண்ணிக்கையும் முக்கியம். கற்பித்தல் மருத்துவமனைகளில் 3 நோயாளிகளுக்கு 1 செவிலியர், பொது மருத்துவமனைகளில் 5 பேருக்கு 1 செவிலியர், தீவிர சிகிச்சையில் 1 படுக்கைக்கு 1 செவிலியர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். இது ஒவ்வொரு பணிநேரத்திலும், குறிப்பாக இரவிலும், பின்பற்றப்படுகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சாதி எங்கே இருக்கிறது?

முதலாவதாக, அரசு மருத்துவமனையின் தரம் வீழும்போது எல்லோரும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. வசதியுள்ளவர் விலகிச் செல்கிறார். விலக முடியாதவரே எஞ்சுகிறார்.

இரண்டாவதாக, செவிலியர் பணி தொடுகையின் பணி. இரத்தம், சீழ், மலம், சிறுநீர் ஆகியவற்றைக் கையாளும் உழைப்பைச் சாதியச் சமூகம் தீட்டென்று ஒதுக்கியது. அந்த உழைப்பைக் கல்வியும் பதிவும் பெற்ற தொழிலாக உயர்த்தியதில் ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்களுக்கு ஒரு விடுதலை வழி திறந்தது. அரசுச் செவிலியர் பணி என்பது பல தலித் குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம். அதைத் தற்காலிகமாக்குவது அந்த வழியை அடைப்பதாகும்.

மூன்றாவதாக, இடஒதுக்கீடு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. தேர்வு வாரியத்தின் வழியாக நடக்கும் நியமனத்தில் இனச்சுழற்சிப் பட்டியலைச் சரிபார்க்கலாம். சங்கங்கள் வழியாகவும் வெளி முகமைகள் வழியாகவும் துண்டு துண்டாக ஆட்கள் எடுக்கப்படும்போது அதைச் சரிபார்ப்பது கடினமாகிறது. 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் இடஒதுக்கீடு உண்டு என்று ஒன்றிய அரசே தன் துறைகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. சமூகநீதி பேசும் மாநிலம் அதற்குக் குறைந்த அளவுகோலை வைத்துக்கொள்ள இயலாது.

நான்காவதாக, வன்கொடுமை வழக்குகள். மேலவளவு நிகழ்ந்தது இந்த மாவட்டத்தில்தான். இத்தகைய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களாகிய நாங்கள், காயச் சான்றிதழுக்கு அடுத்தபடியாகத் தேடுவது செவிலியரின் பதிவேட்டை. எந்த நேரத்தில் என்ன நிலையில் சேர்க்கப்பட்டார், நினைவோடு இருந்தாரா, எந்தக் காயத்திற்குக் கட்டுப் போடப்பட்டது, வலியைப் பற்றி என்ன சொன்னார் என்பவை அங்கே நேரம் குறிக்கப்பட்டு எழுதப்பட்டிருக்கும். பயிற்சி பெற்ற செவிலியர் எழுதிய 4 வரிகள், பல ஆண்டுகளுக்குப் பின் விசாரணை மன்றத்தில் பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தைத் தாங்கி நிற்கும். 60 படுக்கைகளுக்கு நடுவே தனியாக ஓடும் ஒருவரால் அந்த வரிகளை எழுத முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒருவரைத் திருப்பி அனுப்பியது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பை மீறியது என்றும், நிதி இல்லை என்பது சாக்காகாது என்றும் பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. படுக்கைக்குப் பொருந்துவது, அந்தப் படுக்கையை உயிர்காக்கும் இடமாக்கும் செவிலியருக்கும் பொருந்த வேண்டும்.

ஒரே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்குக் குறைந்த ஊதியம் தருவது சமத்துவத்திற்கு எதிரானது என்பது 2016இன் ஜக்ஜித் சிங் தீர்ப்பு. நிரந்தரமாக்கக் கோரும் ஒவ்வொரு வழக்கிலும் அரசுத் தரப்பு 2006இன் உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக நீட்டுகிறது. நெடுங்காலம் நிரந்தரத் தன்மையுள்ள பணியைச் செய்தவர்களுக்கு எதிராக அத்தீர்ப்பை ஆயுதமாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தற்காலிகப் பெண் பணியாளர்க்கும் மகப்பேறுப் பயன்கள் உண்டு என்பது 2000ஆம் ஆண்டிலேயே தில்லி மாநகராட்சி வழக்கில் தீர்க்கப்பட்டது.

தனியார் மருத்துவமனைச் செவிலியர் குறித்து 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதை ஊதியக் குறிப்பேட்டில் தேட வேண்டிய பொறுப்பு மாநில அரசுக்கு உண்டு.

மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்குள்ளோ பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ)இன் கீழ் குற்றம். வீடு தேடி வரும் மருத்துவம் ஊர்த்தெருவோடு நின்று, குடியிருப்பு மக்களை அங்கே வரச் சொன்னால் அது வேறு வடிவில் அதே தீண்டாமை.

நாம் செய்யக்கூடியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் பின்வருவனவற்றைக் கேட்கலாம்: உங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் பிரிவுவாரியாக, பணிநேரவாரியாகச் செவிலியர் எத்தனை பேர், அவர்களில் சிறப்புப் பட்டயம் பெற்றோர் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் இருப்போர் எத்தனை பேர், அந்த நியமனங்களில் இனச்சுழற்சி பின்பற்றப்பட்டதா, வலி தணிப்புச் செவிலியர் கடந்த 3 மாதங்களில் எந்தெந்தக் குடியிருப்புகளுக்குச் சென்றார். 30 நாட்களில் பதில் வர வேண்டும்.

வன்கொடுமையில் காயமுற்றவர் சிகிச்சை பெற்றால் முழு மருத்துவப் பதிவேட்டையும் எழுத்து வடிவில் கேளுங்கள். மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்திற்குள் அது தரப்பட வேண்டும். கேட்கும்போது செவிலியர் குறிப்புகளும் வேண்டும் என்று தனியே எழுதுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு 3 மாதங்களுக்கு ஒரு முறை கூட வேண்டும். அக்கூட்டத்தில் மருத்துவச் சேவை குறித்த புகார்களையும் வையுங்கள்.

செவிலியர் சங்கங்களும் தலித் இயக்கங்களும் இதுவரை பெரும்பாலும் தனித்தனியே போராடி வந்துள்ளன. பணி நிரந்தரம் கோரும் செவிலியரின் பந்தலில் நோயாளிகளின் தரப்பும், மருத்துவ உரிமை கோரும் நமது மேடையில் செவிலியரின் தரப்பும் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு சிறப்புப் பிரிவுக்கும் தனிப் பணியிடம், சிறப்புப் பட்டயத்திற்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு, தகுதிக்கேற்ற படி, ஒப்பந்தச் செவிலியரைக் காலமுறை ஊதியத்தில் கொண்டுவரக் கால வரையறை, எல்லா நியமனங்களிலும் வெளிப்படையான இனச்சுழற்சி ஆகிய 5 கோரிக்கைகளும் இரு தரப்புக்கும் பொதுவானவை. சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை விவாதத்திற்கு வரும் முன், தொகுதிதோறும் உறுப்பினர்களிடம் இவற்றை எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் பெறுவதிலிருந்து தொடங்கலாம்.